கொடுத்துச் சிவந்த கை

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, அந்த வள்ளன்மை கடையெழு வள்ளல்களோடு போயிற்று என்று வருந்துகிறவர்கள் ஒருமுறை மைசூருக்குப் போய் வர வேண்டும். தமிழன் கை இன்னமும் கொடுத்துச் சிவந்துகொண்டேதான் இருக்கிறது. பொன்னும் பொருளும் கொடுப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எழுத்தாளர்களை, ஏட்டுச் சுவடிகளை, நூலகம் அமைக்கத் தெரிந்தவர்களை அள்ளிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததையே மறந்துபோகும் பெரிய மனம் நமக்குத்தான் வாய்த்திருக்கிறது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது வள்ளலுக்கு அழகல்ல என்பார்கள். நாம் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே நம் சார்பில் நானாவது ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

முதல் கொடை ஆர்.கே.நாராயண். 1906 அக்டோபர் 10 அன்று சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கம் வெள்ளாளத் தெருவில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். கணக்கும் புராணமும் சங்கீதமும் பாட்டி சொல்லிக்கொடுத்தார். பையனுக்கு அந்த வீட்டில் விளையாட்டுத் துணை ஒரு மயிலும் ஒரு குரங்கும். 1974-ல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு, அந்தத் தோட்டத்து மணலில்தான் தொடங்குகிறது. பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்ததோடு நின்றுவிட்டான். மயிலோடு விளையாடிய பிள்ளையையே கொடுத்தவர்கள் நாம்.

அப்பா மைசூரில் மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். பிள்ளையும் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்தப் பள்ளியின் நூலகம்தான் நாராயணை நாராயண் ஆக்கியது. டிக்கன்ஸ், ஹார்டி, கோனன் டாயில், உட்ஹவுஸ் என்று ஒரு பக்கம் அடுக்கு. சீமையிலிருந்து கப்பலில் வந்து சேரும் ஸ்ட்ராண்ட் போன்ற பத்திரிகைகள் இன்னொரு பக்கம். கையில் கிடைத்ததை எல்லாம் படித்தார். நல்ல இலக்கியம் எது, கண்ணீர்க் கதை எது என்று தரம் பிரித்துக்கொடுக்க யாரும் அருகில் இல்லை. மேரி கொரெல்லியை விழுந்து விழுந்து படித்தார். ‘ஈஸ்ட் லின்’ நாவலைப் படித்து அழுதார். பிறகு தானாகவே அதிலிருந்து வெளியே வந்தார். வாசிப்பில் ருசி வளர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றார். ஓராண்டு முழுக்க வீட்டில் இருந்தார். படித்தார், எழுதிப் பார்த்தார். 1926-ல் தேறி மகாராஜா கல்லூரியில் சேர்ந்தவர், பட்டம் வாங்க நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டார். மற்றவர்களுக்கு மூன்றாண்டு போதுமானதாக இருந்தது.

இங்கே நம் ஊர்ப் பெற்றோர்களை வாயாரப் புகழ வேண்டும். தம் பிள்ளைக்கு இப்படி ஒரு வெற்று ஆண்டு வந்துவிடாமல் கண்ணும் கருத்துமாகக் காப்பவர்கள் அவர்கள். நுழைவுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததா? மறுவாரமே கோச்சிங் சென்டரில் ரிப்பீட்டர் வகுப்பு. காலை ஐந்தரைக்கு எழுப்பி, இரவு பத்தரைக்கு விளக்கணைக்கும் விடுதி. நடுவில் ஒரு கதைப் புத்தகம் உள்ளே நுழைந்துவிடாதபடி பெட்டியைச் சோதிக்கும் வார்டன். நாராயணின் அப்பா இவ்வளவு அக்கறை காட்டவில்லை. தோற்ற பிள்ளையைக் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் புத்தகத்தோடு உலவ விட்டுவிட்டார். அப்படிப்பட்ட ஓர் ஆபத்திலிருந்து நம் பிள்ளைகளை நாம் முழுமையாகக் காப்பாற்றியிருக்கிறோம். இத்தனை பேரைக் காப்பாற்றினோமே, அவர்களில் எத்தனை நாராயண்கள் இருந்தார்கள் என்று கணக்குப் பார்க்கும் அற்பத்தனம் நமக்கு இல்லை.

1930-ல் பெங்களூரில் பாட்டி நாள் பார்த்துச் சொன்ன ஒரு நல்ல நாளில் நோட்டுப் புத்தகம் வாங்கி நாவல் எழுத உட்கார்ந்தார். ஒரு சின்ன ரயில் நிலையம் மனதில் வந்து நின்றது. மால்குடி என்ற கற்பனை ஊர் பிறந்தது. எழுதி முடித்த நாவல் லண்டன் பதிப்பகங்களின் வாசல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திரும்பியது. ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவுக்கு, கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று எழுதும் அளவுக்கு நாராயண் மனம் வெறுத்துப்போனார். பூர்ணா அதை ஆங்கில நாவலாசிரியர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1935-ல் வெளிவந்தது. நாராயணசாமி என்ற பெயரைச் சுருக்கச் சொன்னவரும் கிரீன்தான். புத்தகம் அதிகம் விற்கவில்லை. ஆனால் முன்பின் பார்த்திராத ஒருவனின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, அவனுக்காகப் பதிப்பகம் பதிப்பகமாக எழுதிய ஒரு மனிதர் அங்கே இருந்தார். புரசைவாக்கத்துப் பையனுக்கு அந்த மனிதர் ஆக்ஸ்போர்டில் கிடைத்தார். எழுத்தாளனைக் கொடுப்பது நம் கொடை என்றால், அவனுக்கு வாசகனைத் தேடிக்கொடுக்கும் வேலையையும் பிறருக்கே விட்டுக்கொடுத்தது அதனினும் பெரிய கொடை.

ஆங்கிலத்தில் எழுதியவர் எப்படி நம் எழுத்தாளர் ஆவார் என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. நேர்மையான கேள்வி. அந்த நேர்மை 1960-ல் ‘தி கைடு’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோதும், 1964-ல் பத்மபூஷண், 2000-ல் பத்மவிபூஷண் வந்தபோதும் சற்றே ஓய்வெடுத்துக்கொண்டது. அந்த நாட்களில் அவர் சந்தேகமில்லாமல் தமிழர். மற்ற நாட்களில் மைசூர்க்காரர்.

ஜெமினி நிறுவனம் 1947-ல் எடுத்த ‘மிஸ் மாலினி’ படத்துக்குக் கதை நாராயணுடையது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கியது. தமிழ் சினிமாவும் நாராயணும் கைகோத்த இடம் அது. அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. காலத்துக்கும் நாம் கொடுத்திருக்கிறோம்.

வாங்கிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1986-ல் கன்னட இயக்குநர் ஷங்கர் நாக், ஆகும்பேயில் தெருக்களையும் வீடுகளையும் மால்குடியாக்கி, ‘மால்குடி டேஸ்’ தொடரைத் தூர்தர்ஷனுக்காக எடுத்தார். அதன் இசை நம் எல்.வைத்தியநாதன். கொடுத்ததோடு இசையும் சேர்த்துக் கொடுத்தோம் என்பதற்காகச் சொல்கிறேன். ஷிவமொக்கா மாவட்டத்து அரசாளு ரயில் நிலையத்தில் பழைய கட்டடத்தைப் புதுப்பித்து மால்குடி அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் ஒரு ரயிலுக்கு மால்குடி எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். இல்லாத ஊருக்கு ரயில் விட்ட நாடு அது.

மைசூர் யாதவகிரியில் நாராயண் கட்டிய வீடு இருக்கிறது. மாடியில் சுற்றிலும் சன்னல் வைத்த அறை. 2011-ல் அது கைமாறி, அடுக்குமாடி கட்டுவதற்காக இடிக்கத் தொடங்கினார்கள். கடப்பாரை விழுந்த செய்தி பத்திரிகையில் வந்ததும் மைசூர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். மாநகராட்சி வேலையை நிறுத்தியது. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வீட்டை வாங்கினார்கள், இடித்ததைத் திருப்பிக் கட்டினார்கள், 2016-ல் நினைவில்லமாகத் திறந்தார்கள். இந்தப் பணத்தைக் கன்னட எழுத்தாளர்களுக்குச் செலவழிக்கக் கூடாதா, இவர் தமிழர், ஒரு வரிகூடக் கன்னடத்தில் எழுதவில்லையே என்று கன்னட எழுத்தாளர்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஒரு நாவலாசிரியனின் வீடு யாருடையது என்று சண்டை போடுவதற்கு, முதலில் நாவல் என்பது ஒரு பொருட்டாக இருக்க வேண்டும். நாராயண் கடைசிக் காலத்தைச் சென்னையில் கழித்து, 2001 மே 13 அன்று சென்னையிலேயே கண் மூடினார். பிறந்ததும் இங்கே, இறந்ததும் இங்கே. நினைவில்லம் யாதவகிரியில். இதில் சென்னையில் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. கருத்து வேறுபாடே இல்லாத ஒற்றுமையை இந்த ஒரு விஷயத்தில் நாம் சாதித்திருக்கிறோம்.

2011 என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. மைசூரில் ஒரு வீட்டை இடிப்பதா காப்பதா என்று அடித்துக்கொண்ட அதே பருவத்தில், சென்னையில் நம் தாராளம் உச்சத்துக்குப் போயிருந்தது. 2010 செப்டம்பரில் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தது. ஓராண்டு வயதான நூலகம். பாரி தேரைத்தான் கொடுத்தான், குதிரை லாயத்தைக் கொடுக்கவில்லை. நோயுற்ற குழந்தைகளுக்காக, நோயில்லாத குழந்தைகள் படிக்கும் இடத்தையே தரத் துணிந்தது நம் நாடு. நீதிமன்றம் தடுத்துவிட்டது. அதனால் அந்தக் கொடை மட்டும் நிறைவேறவில்லை. இன்றும் அது நூலகமாகவே இருக்கிறது, உள்ளே போனால் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நூலகம் என்றால் நாம் உலகத்துக்குத் தந்த பெரிய கொடை சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1892-ல் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் படிப்பதற்கு என்பது முதல் விதியின் சாரம். உலகத்து நூலகர்கள் எல்லாம் அதைப் பாடமாகப் படிக்கிறார்கள். இருபது ஆண்டு சென்னையில் உழைத்தவர் பிறகு காசிக்குப் போனார், டெல்லிக்குப் போனார், கடைசியில் பெங்களூரில் குடியேறினார். 1962-ல் அங்கேதான் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972-ல் அங்கேயே மறைந்தார். கர்நாடகத்துக்கு இன்னொரு கொடை.

அவர் போனாலும் அவர் விதைத்த சட்டம் நம்மிடம் தங்கியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக இன்றும் நாம் கட்டுகிறோம். வசூலிக்கும் உள்ளாட்சிகள் பல அதை நூலகத்துக்கு உடனே அனுப்பிவிடுவதில்லை, பத்திரமாக வைத்துக்கொள்கின்றன. நிலுவை என்று அதற்குப் பெயர். கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் வாங்கவில்லை, மின்விசிறி ஓடவில்லை, நாளிதழைத் தவிர வேறு எதுவும் மேசைக்கு வருவதில்லை என்று ஒரு வாசகரும் ஆத்திரப்படுவதில்லை. வரி கட்டிவிட்டு, அதன் பயனைக் கேட்காதவர்கள். இப்படி ஒரு குடிமகனைப் பெற எந்த ஆட்சியும் தவம் செய்திருக்க வேண்டும்.

பள்ளி நூலகங்களின் ஒழுங்கோ சொல்லி மாளாது. இரும்பு பீரோ, பூட்டு, சாவி தலைமையாசிரியர் மேசை இழுப்பறையில். புத்தகம் கிழிந்தால் தணிக்கையின்போது யார் பதில் சொல்வது என்ற பொறுப்புணர்ச்சி. நூலக வகுப்பு என்று கால அட்டவணையில் இருக்கும் ஒரு மணி நேரத்தைக் கணக்கு ஆசிரியருக்கு விட்டுக்கொடுக்கும் பண்பு. அந்தப் புத்தகங்கள் வாங்கிய அன்றைய வாசனையோடு அப்படியே இருக்கின்றன. தொண்ணூறு ஆண்டுக்கு முன் ரங்கநாதன் விதி எழுதியபோது இவ்வளவு சுத்தமான புத்தகங்களை அவர் எதிர்பார்த்திருக்கமாட்டார். நாராயண் 1986-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டபின் அங்கே பேசிய முதல் பேச்சு, பிள்ளைகள் முதுகில் சுமக்கும் பையைப் பற்றியது. பின்னர் அந்தச் சுமையை ஆராய யஷ்பால் குழு அமைந்து 1993-ல் அறிக்கை தந்தது. பை இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் நாவல் எதுவும் இல்லை என்று நாராயணின் ஆவிக்கு நாம் உறுதி கூறலாம்.

மைசூர் ராஜீவ் நகரில் கூலி வேலை செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் போகாதவர். தனக்குக் கிடைக்காத படிப்பு தன் தெருப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று ஒரு கொட்டகையில் கன்னட நூலகம் நடத்தினார். சுமார் 11,000 புத்தகங்கள். நாளிதழ்களுக்கு அவரே காசு கொடுத்தார். 2021 ஏப்ரலில் ஒரு விடியற்காலை அது எரிந்து சாம்பலானது. அவர் மறுபடியும் தொடங்கினார். நாடெங்கும் இருந்து புத்தகங்கள் வந்து சேர்ந்தன. அவரிடம் நூலகச் சட்டமும் இல்லை, நூலக வரியும் இல்லை, பூட்டுப் போட பீரோவும் இல்லை. நம்மளவு வசதி இருந்திருந்தால் அவரும் நம்மைப் போல் நிம்மதியாக இருந்திருப்பார்.

கொடைகளில் பழையது ஒன்று. 1905 வாக்கில் தஞ்சைச் சீமையிலிருந்து ஒரு பண்டிதர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு ஓர் ஓலைச்சுவடி கொண்டுவந்து கொடுத்தார். கிரந்த எழுத்தில் இருந்தது. நூலகர் ஷாம சாஸ்திரி பிரித்துப் பார்த்தார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பல நூற்றாண்டாகப் பெயர் மட்டும் தெரிந்து, நூல் காணாமல் போயிருந்தது. 1909-ல் அச்சில் வந்தது. இந்திய வரலாறு எழுதியவர்கள் எல்லாம் பழைய பக்கங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. மைசூருக்கு அதனால் அழியாப் பெயர். கொண்டுவந்த பண்டிதரின் பெயரை யாரும் குறித்து வைக்கவில்லை. தஞ்சையில் சரஸ்வதி மகால் இருக்க ஏன் மைசூர் போனார் என்று கேட்கக்கூடாது. அந்த மகால் பொதுமக்களுக்குத் திறந்தது 1918-ல். கதவு திறந்திருந்த ஊருக்கு அவர் போனார்.

வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடச் சிறுகதைக்குத் தந்தை ஆனார். 1983-ஆம் ஆண்டின் ஞானபீடம் அவருக்கு. மாஸ்தி கன்னடத்தின் ஆஸ்தி என்று அந்த ஊர்க் குழந்தைகூடச் சொல்லும். மேல்கோட்டைக்காரர் பு.தி.நரசிம்மாச்சாரும் தமிழ் வீட்டுப் பிள்ளைதான். கன்னடத்தின் பெருங்கவி. மேல்கோட்டையில் அவர் வீட்டைப் போற்றி வைத்திருக்கிறார்கள். செல்லப்பிள்ளைப் பெருமாளைச் சேவிக்க மேல்கோட்டைக்கு வேன் வேனாகப் போகும் நம்மவர்கள், அந்த வாசலில் நின்று நேரம் போக்குவதில்லை. பக்தியில் கவனம் சிதறாதவர்கள்.

ஆனால் எல்லாக் கொடைக்கும் மேலே நான் வைப்பது ஏ.கே.ராமானுஜனை. 1929-ல் மைசூரில் தமிழ் ஐயங்கார் வீட்டில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். மாடியில் அப்பாவின் ஆங்கிலம், கீழே அடுப்படியில் அம்மாவின் தமிழ், தெருவில் கன்னடம் என்று மூன்று மொழியில் வளர்ந்தார். ஆங்கிலம் படித்து, ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்கு ஊர் ஊராகப் போனார். அப்படிப் போன ஊர்களில் ஒன்று மதுரை. 1950-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த மதுரை. கவிதை எழுதும் இளைஞன், தமிழ் தெரிந்தவன், ஆங்கிலத்தில் ஆழமாகப் படித்தவன், நம் நடுவில் நடந்து திரிந்தான். உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937-லேயே வந்துவிட்டது. விருந்தாளிக்குச் சிரமம் தரக்கூடாது என்பது மதுரையின் மரியாதை. அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் யாரும் வைக்கவில்லை.

1962-ல் ஒரு சனிக்கிழமை. சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறை. பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடிப்போன ராமானுஜனின் கண்ணில் அந்தக் குறுந்தொகைப் பதிப்பு பட்டது. அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். முப்பத்து மூன்று வயதில், பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தன் அம்மாவின் மொழி ஈராயிரம் ஆண்டுக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று அவருக்குத் தெரியவந்தது. ஐந்து ஆண்டு அதிலேயே கிடந்தார். 1967-ல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. 1981-ல் நம்மாழ்வார். 1985-ல் அகமும் புறமும் சேர்ந்த பெரிய தொகுதி. உலகத்துக் கவிஞர்கள் சங்கக் கவிதை என்ற ஒன்று இருப்பதை அறிந்தது அந்த நூல்களால். அந்த நிலவறையில் ஒரு தமிழ்ப் புத்தகத்தை வாங்கி, எண் ஒட்டி, யாரோ ஒருவன் வருவான் என்று அடுக்கி வைத்திருந்த பெயர் தெரியாத நூலகருக்கு நான் கைகூப்புகிறேன். ரங்கநாதனின் விதியை அவர் எங்கே படித்தாரோ.

ராமானுஜன் 1993-ல் சிகாகோவில் மறைந்தார். அவர் மொழிபெயர்த்த குறுந்தொகை இன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியப் பாடத்தில் இருக்கிறது. செம்புலப் பெயல் நீரை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, ஐந்து மதிப்பெண் கேள்விக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். மூலத்தை வைத்திருக்கும் தமிழ்த் துறை அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இயங்குகிறது. அங்கேயும் ஒரு பீரோ உண்டு, சாவி துறைத் தலைவரிடம்.